வெயிலை ஆயுதமாக்கும் தொடு களைக்கொல்லிகள்

இலையின் மேல் தெளிக்கும் களைக்கொல்லிகளில் இரண்டு வகை உண்டு. 2,4-டி, கிளைபோசேட் போன்றவை இலை வழியே நுழைந்து, செடியின் சாற்றோடு ஓடி, வேர் வரை இறங்கும். இவை ஊடுருவிப் பாயும் வகை. தொடு வகை அப்படி ஓடாது. துளி விழுந்த இடத்தையும் அதைச் சுற்றிச் சிறிதளவு பரப்பையும் மட்டுமே அது கருக்கும். புரோமாக்சினில், பென்டசோன், கார்பென்ட்ரசோன், பாராகுவாட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பாராகுவாட் பச்சையாக உள்ள எதையும் விட்டுவைக்காது. மற்ற மூன்றும் அகன்ற இலைக் களைகளைக் கொன்று, நெல், கோதுமை போன்ற புல்வகைப் பயிர்களைப் பெரும்பாலும் தப்பவிடுபவை.

இந்த மருந்துகள் செடியைத் தாமே நேராகக் கொல்வதில்லை. கொல்லும் வேலையை வெயில் செய்கிறது. இலையின் பச்சையம் ஒளியை வாங்கி, அதன் ஆற்றலை எலக்ட்ரான்களாக ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுகிறது. புரோமாக்சினிலும் பென்டசோனும் அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள டி-1 என்ற புரதத்தில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. ஒளி வந்துகொண்டே இருக்கிறது, ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. அது ஆக்சிஜனின் மேல் பாய்ந்து, அதைக் கொடிய வினைத்திறன் கொண்ட வடிவமாக மாற்றுகிறது. அந்த ஆக்சிஜன் செல்லின் சவ்வுகளைச் சிதைக்கிறது.

கார்பென்ட்ரசோன் போகும் வழி வேறு. பச்சையம் தயாராகும் பாதையில் உள்ள ஒரு நொதியை அது முடக்குகிறது. பாதி தயாரான பொருள் செல்லுக்குள் தேங்கி, வெயில் பட்டதும் அதே நச்சு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. காலையில் தெளித்த இலை மறுநாளே வெளிறிச் சுருங்குவது இதனால்தான். மருந்து பரவாமல் நின்றுபோவதற்கும் காரணம் இந்த வேகமே. மருந்தைச் சுமந்து செல்ல வேண்டிய திசு அதற்கு முன்பே செத்துவிடுகிறது. பாராகுவாட்டை மாலையில் தெளித்தால் வேலை கூடுதலாக நடக்கும் என்று சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இருட்டில் இலை கருகுவதில்லை என்பதால் விடியும் வரை மருந்து சற்று உள்ளே நகர்ந்துகொள்கிறது.

புல் தப்புவதற்கு முதல் காரணம் அதன் உடலமைப்பு. முளைத்துச் சில நாளான அகன்ற இலைச் செடியின் வளர்நுனி இரண்டு வித்திலைகளுக்கு நடுவே திறந்து கிடக்கும். இலைகளும் படுக்கையாக விரிந்து துளிகளை ஏந்திக்கொள்ளும். புல்லின் இலையோ ஒடுங்கி, நிமிர்ந்து, மெழுகு பூசி நிற்பதால் துளி வழிந்துவிடும். அதன் வளர்நுனி மண்ணை ஒட்டி, இலை உறைகளுக்குள் ஒளிந்திருக்கும். மாடு மேய்ந்த புல் மறுபடி தழைப்பதும் இந்த அமைப்பால்தான்.

இரண்டாவது காரணம் வேதியியல், அதுவே முதன்மையானது. நெல் தன்னுள் நுழைந்த பென்டசோனை ஒரு நொதியால் மாற்றி, சர்க்கரையோடு கோத்துத் தீங்கற்றதாக்கிவிடும். அந்த நொதிக்கான மரபணு பழுதான நெல் வகைகளும் உண்டு. அவற்றின் மேல் பென்டசோன் பட்டால் நெல்லும் களையோடு சேர்ந்து சாகும்.

பயிரைத் தப்பவிட்டுக் களையை மட்டும் கொல்லும் இந்த முறைக்கு வட இந்தியக் கோதுமை வயல்கள் நல்ல களம். அங்கே முளைக்கும் அகன்ற இலைக் களைகளில் சக்கரவர்த்திக் கீரை ஒன்று. வடக்கே அதை ‘பத்துவா’ என்று சொல்லி, குளிர்காலத்தில் பறித்துச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். இன்னொன்று சுக்கான் கீரை இனத்தைச் சேர்ந்த ‘ஜங்லி பாலக்’. இந்த இரண்டாவது களை, மெட்சல்ப்யூரான் என்ற ஊடுருவும் மருந்துக்கு அரியானாவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. கார்பென்ட்ரசோன் தாக்கும் இடம் வேறு என்பதால் அதற்கு இந்தக் களை கட்டுப்படுகிறது. ஹெக்டேருக்கு 20 கிராம் வீரிய மருந்தே போதும். தெளித்த பிறகு கோதுமை இலையிலும் வெளிர் புள்ளிகள் தோன்றும். புது இலை வந்ததும் பயிர் தேறிவிடும்.

தொடு மருந்தில் பலன் தெளிப்பவர் கையில் இருக்கிறது. ஊடுருவும் மருந்தில் பாதி இலை நனைந்தாலும் வேலை நடக்கும். இங்கே நனையாத இலை பிழைத்துக்கொள்ளும். களை இரண்டு முதல் நான்கு இலை விட்டிருக்கும்போதே தெளிக்க வேண்டும். கணுக்களில் மொட்டு வைத்துவிட்ட செடி, மேலே கருகினாலும் பக்கத்திலிருந்து துளிர்க்கும். தண்ணீர் தாராளமாக வேண்டும், தட்டை விசிறி நாசில் வேண்டும். பாராகுவாட்டைக் கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலக்கவே கூடாது. களிமண் துகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு செயலற்றதாக்கிவிடும்.

மேய்ச்சல் நிலத்தில் சிக்கல் கூடுதல். புல் மட்டும் உள்ள நிலத்துக்கு 2,4-டி சரிப்படும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் கலந்திருந்தால் அது கூடாது, ஏனென்றால் குதிரைமசாலும் அகன்ற இலைச் செடிதான். அதன் இளம் பயிரில், சில இலைகள் விட்ட பிறகு, புரோமாக்சினில் தெளிக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. வெப்பம் கூடிய நாள்களில் தெளித்தால் குதிரைமசாலும் கருகும். ஆழ வேரோடும் பல்லாண்டுக் களைகளிடம் எந்தத் தொடு மருந்தும் செல்லாது. தலை போனால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். தெளித்த நிலத்தில் ஆடுமாடுகளை உடனே விடவும் கூடாது. மருந்தின் எச்சம் ஒரு காரணம். பிரிட்டனின் மேய்ச்சல் நிலங்களில் உள்ள ராக்வோர்ட் என்ற நச்சுச்செடி இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. பச்சையாக இருக்கும்போது மாடும் குதிரையும் ஒதுக்கும் அந்தச் செடியை, வாடிய பிறகு அவை விரும்பித் தின்னும், ஆனால் நஞ்சு அப்படியே இருக்கும்.

தெளித்த பின் முளைக்கும் விதைகளைத் தொடு மருந்துகளில் பல தடுப்பதில்லை. பென்டசோன் மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீருக்கு இறங்கக்கூடியது. புரோமாக்சினில் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. அதற்கான ஒப்புதலை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் புதுப்பிக்கவில்லை. பாராகுவாட்டுக்கு அங்கே 2007இலும், கேரளத்தில் 2011இலும் தடை வந்தது. இலங்கையும் அதைப் படிப்படியாக விலக்கியது. மீந்த மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். ஒரு வாய் பாராகுவாட் உள்ளே போனாலும் உயிர் போகலாம், அதற்கு முறிவு மருந்து கிடையாது.