டிராயிங் இல்லாத ஜாப்

கிண்டி சி.டி.ஐ. என்ற மத்தியப் பயிற்சி நிலையத்தில் நான் ஓராண்டு ஆசிரியர் பயிற்சி எடுத்தபோது, பாடம் நடத்த நான்கு படிகள் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆயத்தம், விளக்கம், செய்து பார்த்தல், சோதனை. கூடப் படித்தவர்களே மாணவர்களாக உட்கார்ந்திருக்க, மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். பின்வரிசையில் ஓர் அதிகாரி தாளும் பேனாவுமாக இருப்பார். போர்டில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டினோமா, அரம் பிடித்த விதம் கடைசி ஆளுக்குத் தெரிந்ததா என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார்.

அதே முறையைத்தான் ஐ.டி.ஐ.க்குக் கொண்டுபோனேன். ஃபிட்டர் ட்ரேடில் முதல் மாதங்கள் பெரும்பாலும் அரம்தான். எம்.எஸ். துண்டை வைஸில் கட்டி ராவிவிட்டு, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான் பையன். இடுக்கில் ஒளி கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். ஆண்-பெண் ஃபிட்டிங்கில் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! அந்தப் பயிற்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். பழகாத கையால் எந்த ப்ராஜெக்ட்டும் ஆகாது.

ஆனால் மார்க் போட்டு முடிந்ததும் அந்த ஜாப் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்தது. டிராயிங் நாங்கள் கொடுத்தது, அளவு நாங்கள் சொன்னது, பொருளும் ஸ்டோரிலிருந்து நாங்கள் எடுத்துத் தந்தது. வேலைக்குப் போன இடத்தில் "இந்த மெஷினுக்கு ஒரு பாதுகாப்பு மூடி செய்து போடு" என்றால் எங்கள் பையன் திகைத்து நின்றான். என்ன தகடு, எத்தனை கேஜ், எவ்வளவு செலவு என்று முடிவெடுக்க அவனை நாங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

ஐ.டி.ஐ.க்களில் நடப்பது 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். அதன் பாடத்திட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. இப்போது ஆண்டுக்கு 1200 மணி நேரப் பயிற்சியோடு 150 மணி நேரம் தொழிற்சாலையில் வேலை பழக வேண்டும். அது கிடைக்காத இடத்தில் குழு ப்ராஜெக்ட் கட்டாயம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு டாடா டெக்னாலஜீஸ் வழியாகப் புதிய இயந்திரங்களும் வந்திருக்கின்றன. இயந்திரம் மாறியதாலேயே ஆசிரியர் மாறிவிடுவாரா?

அண்மையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்கு உதவப் போயிருந்தேன். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் எனக் கலந்து ஐந்தைந்து பேராக உட்காரவைத்து ஒரே ஒரு வரி கொடுத்தோம்: 'கேட் வாசலில் இளநீர் விற்பவருக்கு ஒரு தள்ளுவண்டி வேண்டும்.'

"டிராயிங் எங்கே சார்?" என்றார் பதினைந்து வருடம் பாடம் நடத்தியவர். இல்லை என்றோம். அரைநாள் வாக்குவாதத்தில் போனது. எல்லோரும் வண்டியின் கூரையைப் பற்றியே பேசினார்கள். பிறகு ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய், அந்த அண்ணனையே கேட்டுவிட்டு வந்தார். அவருக்குக் கூரை பெரிய குறையில்லை, சக்கரம் மணலில் புதைவதுதான் குறை. டிராயிங் அதற்குப் பிறகுதான் பிறந்தது.

எங்களுக்கெல்லாம் கஷ்டமான பாடம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பையன் தப்பான இடத்தில் வெல்ட் வைக்கப் போகிறான் என்றால் ஹோல்டரைப் பிடுங்கியே பழகியவர்கள் நாங்கள். ஆபத்து என்றால் உடனே தடுக்கத்தான் வேண்டும். மற்ற நேரத்தில் "ஏன் இந்த இடத்தில்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மார்க் போடுவதும் மாறிவிட்டது. முன்பு வெர்னியர் சொல்லிவிடும். இப்போது ஐந்து பேர் செய்த வண்டியில் யார் பங்கு எவ்வளவு என்பதை அன்றாடக் குறிப்பைப் படித்தும், ஒவ்வொருவரிடமும் தனியே கேள்வி கேட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதெல்லாம் இரண்டு நாள் பவர்பாயிண்ட் வகுப்பில் வராது. ஆசிரியர் தானே ஒரு ப்ராஜெக்ட்டை எடுத்து, ஒருமுறை தவறு செய்து, திருத்தி முடிக்க வேண்டும். பயிற்சித் துறையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். குழு ப்ராஜெக்ட்டுக்கு இரும்பும் ஒயரும் வாங்கும் பணத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியர் கையில் கொடுங்கள்.