ஆடும் படமும் அடம்பிடிக்கும் கோப்பும்

(இளம் அறிவியல் - இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

கண்ணாற் கண்டதைக் கல்லிலும் ஓலையிலும் பொறித்து வைத்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் தாளும் அச்சும் வந்தன. புகைப்படமும் திரைப்படமும் தோன்றின. இன்றோ கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படப்பதிவாளர்களே. நாட்டு நலப்பணித் திட்ட முகாம், துறைச் சுற்றுலா, கள ஆய்வு, கல்லூரி விழா என நாம் எடுத்துக் குவிக்கும் வீடியோப் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவை போனாலும் வருத்தமில்லை. ஆனால் சில, மீண்டும் எடுக்க இயலாதவை. முதிர்ந்த தோற்பாவைக் கூத்துக் கலைஞர் ஒருவர் தம் கடைசி ஆட்டத்தை நடத்தும்போது எடுத்த படத்தை, அவர் மறைந்தபின் யார் மீண்டும் எடுக்க முடியும்? அத்தகைய படம் கணிப்பொறியில் திறக்க மறுத்தாலோ, திறந்தும் தலைசுற்றும் அளவுக்கு ஆடினாலோ நாம் இழப்பது வெறும் கோப்பு அன்று. ஒரு மனிதரின் கலையையே இழக்கிறோம். இவ்விரு நோய்களின் காரணம் யாது, மருந்து யாது, மருந்தின் எல்லை எது என்பதை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோடெக் என்றால் என்ன?

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களின் வரிசையே. ஒவ்வொரு நிழற்படமும் ஒரு ஃபிரேம் எனப்படும். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு ஃபிரேமை, புள்ளிக்கு 3 பைட் வீதம் அப்படியே எழுதினால் 62,20,800 பைட் ஆகும். நொடிக்கு 25 ஃபிரேம் எனில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 9 கிகாபைட்டுக்கும் மேல். எந்தக் கைப்பேசி இதைத் தாங்கும்? எனவே படத்தைச் சுருக்கி எழுதவும், எழுதியதை விரித்துக் காட்டவும் ஒரு முறை வேண்டும். சுருக்குவது கோடர், விரிப்பது டிகோடர். இரண்டையும் சேர்த்துக் கோடெக் என்கிறோம்.

சுருக்குவதில் இரு தந்திரங்கள் உண்டு. முதலாவது, ஒரே ஃபிரேமுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களைக் குறைப்பது. இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை 1974ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். இவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். இன்று உலகெங்கும் ஓடும் படங்களின் அடியில் இவர்களது கணக்கு இருக்கிறது என்பது நமக்குப் பெருமையன்றோ? இரண்டாவது தந்திரம், முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுவது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இக்கட்டம் முன்பு எங்கே இருந்தது, இப்போது எவ்வளவு நகர்ந்தது என்று கோடெக் தேடுகிறது. பின்னணி அசையாதிருந்தால் எழுதவேண்டியது மிகக் குறைவு. 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 ஆகிய முறைகள் இவ்வழியில்தான் இயங்குகின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கை ஆடினால் படம் முழுவதுமே ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது. கோடெக்குக்கு வேலை மிகுகிறது. ஒதுக்கிய பைட் அளவு போதாமல் படத்தின் தெளிவு குறைகிறது. ஆகவே ஆட்டம் பார்ப்பவர் கண்ணை மட்டும் கெடுப்பதில்லை. பதிவின் தரத்தையும் உள்ளிருந்தே அரிக்கிறது.

பாத்திரமும் பண்டமும்

கோப்புப் பெயரின் இறுதியில் காணும் எம்பி4, ஏவிஐ, எம்ஓவி, எம்கேவி என்பனவற்றைக் கோடெக் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. அவை பாத்திரங்கள், கோடெக் என்பது உள்ளே இருக்கும் பண்டம் சமைக்கப்பட்ட முறை. டிபன் கேரியரின் வெளித்தோற்றத்தைக் கண்டு உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியுமா? ஒரே எம்பி4 பாத்திரத்தில் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம். எனவே ஒரு கணிப்பொறியில் ஓர் எம்பி4 ஓடுவதும் மற்றோர் எம்பி4 ஓடாததும் வியப்பன்று. கோப்பின் இறுதிப் பெயரை மட்டும் மாற்றிப் பார்ப்பது, பாத்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவது போன்றதே. உள்ளே எதுவும் மாறாது.

கோப்பு திறக்கவில்லையா?

மருத்துவர் முதலில் நாடி பார்ப்பது போல, நாம் முதலில் செய்யவேண்டியது கோப்பினுள் என்ன இருக்கிறது என்று அறிவதாகும். மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் இதைத் தெளிவாகக் காட்டும். வி.எல்.சி. மென்பொருளிலும் கோடெக் விவரத்தைக் காட்டும் பகுதி உண்டு. அதன்பின் அறிகுறிகளைக் கொண்டு காரணத்தை ஆராயலாம்.

ஒலி கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது எனில், ஒலிக்குரிய டிகோடர் இருக்கிறது, படத்துக்குரியது இல்லை என்று பொருள். புதிய கைப்பேசிகளின் எச்.265 படங்கள் பழைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இவ்வாறே தோன்றும். விண்டோசுடன் வரும் படக்காட்டி இதற்கெனத் தனி இணைப்பைக் கேட்பதும் உண்டு. வி.எல்.சி. தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் அதில் ஓடிவிடும். அதில் ஓடினால் கோப்பு நலமாக இருக்கிறது. குறை மற்ற மென்பொருளில்தான் என்று உறுதி கொள்ளலாம்.

கோடெக்கை நிறுவிய பின்னும் மென்பொருள் அதைக் காணவில்லை என்கிறது எனில், 32 பிட், 64 பிட் வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள்கள் கணிப்பொறியில் தனியாக நிறுவிய கோடெக்குகளைக் கடன் வாங்கி இயங்குவன. 64 பிட் மென்பொருள் 32 பிட் கோடெக்கை ஏற்காது. 32 பிட் மென்பொருளும் 64 பிட் கோடெக்கை ஏற்காது. இரண்டும் ஒரே இனமாக இருத்தல் வேண்டும். இதை அறியாது, கிடைத்த கோடெக் தொகுப்புகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவுவோர் உண்டு. அவை ஒன்றோடொன்று மோதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த படங்களையும் நிறுத்திவிடக் கூடும்.

கோப்பு பெரிதாக இருந்தும் எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை எனில், பதிவு நடுவில் அறுந்திருக்கலாம். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைக் கருவிகள் பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. அதற்குள் பேட்டரி தீர்ந்தால், பக்கங்கள் எல்லாம் இருந்தும் பொருளடக்கம் இல்லாத நூல் போல் ஆகிவிடும். மனம் தளர வேண்டாம். அன்ட்ரங்க் என்னும் இலவச மென்பொருள், அதே கருவியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு பொருளடக்கத்தை மீண்டும் அமைக்க முயலும். பல வேளைகளில் படம் மீளும்.

பேச்சுக்கும் உதட்டசைவுக்கும் பொருத்தமில்லை எனில், கைப்பேசியின் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாதது காரணமாகலாம். வெளிச்சம் குறைந்தால் சில கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேமிலிருந்து இறங்கிவிடும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் நிலையான வேகத்துக்கு மாற்றியபின் மற்ற வேலைகளைத் தொடங்குதல் நலம்.

ஆட்டம் அடங்குவது எப்படி?

கோப்பு திறந்துவிட்டது. இனி நடுக்கத்துக்கு வருவோம். நடுக்கத்தை நீக்கும் மென்பொருள்கள் பல. குன்னார் தாலின் உருவாக்கிய டிஷேக்கர், விர்ச்சுவல்டப்புடன் சேர்ந்து இயங்குவது. கியார்க் மார்டியஸ் உருவாக்கிய விட்ஸ்டாப், எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்து இயங்குவது. இவை இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை. அடோபி நிறுவனத்தின் வார்ப் ஸ்டெபிலைசர் விலைகொடுத்துப் பெறவேண்டியது. பெயர்கள் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

வேலை இரு கட்டங்களில் நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் மென்பொருள் படம் முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதைக் காட்டிலும் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சுழன்றது என்று அளந்து ஒரு குறிப்புக் கோப்பில் எழுதுகிறது. கோடெக் செய்யும் அதே கட்டத் தேடலின் உறவுதான் இதுவும். இரண்டாங் கட்டத்தில், அக்குறிப்பைக் கொண்டு காமிரா சென்ற கோணலான பாதையை ஒரு சீரான வளைவாக மாற்றி, ஒவ்வொரு ஃபிரேமையும் எதிர்த்திசையில் நகர்த்துகிறது. விட்ஸ்டாப்பில் சீராக்கும் அளவு 10 என வைத்தால் முன்னே 10, பின்னே 10, நடுவே ஒன்று என 21 ஃபிரேம்களைச் சராசரி பார்க்கும். நொடிக்கு 25 ஃபிரேம் எனில் இது ஒரு நொடிக்கும் குறைவு. கைநடுக்கத்துக்கு இது போதும். நடந்துகொண்டே எடுத்த படத்துக்கு அளவை 30 ஆக்கினால் 61 ஃபிரேம்களின் சராசரி கிடைக்கும்.

இரண்டாங் கட்டம் இயங்கவில்லை எனில் முதலில் பார்க்க வேண்டியது அக்குறிப்புக் கோப்பையே. முதற்கட்டம் முழுதும் முடிந்ததா, கோப்பு எழுத அனுமதியுள்ள இடத்தில் இருக்கிறதா, வேறு படத்தின் பழைய குறிப்பு அங்கே கிடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். முதற்கட்டத்துக்குப்பின் படத்தை வெட்டினாலும் குறிப்பு பொருந்தாது. வார்ப் ஸ்டெபிலைசர் வேறொரு வகையில் அடம்பிடிக்கும். படத்தின் அளவும் தொகுப்பு வரிசையின் அளவும் வேறுபட்டால் அது இயங்காது; வேகம் மாற்றிய துண்டிலும் இயங்காது. அத்துண்டைத் தனி வரிசையாகப் பொதிந்து அதன்மேல் பயன்படுத்தினால் சிக்கல் தீரும்.

மருந்தின் எல்லை

எந்த மருந்துக்கும் எல்லை உண்டு. நகர்ந்த படத்தை மென்பொருள் திருப்பி வைக்கலாம்; ஆனால் ஆட்டத்தின்போது ஏற்பட்ட மங்கலை நீக்க முடியாது. படம் அசையாது நிற்க, அவ்வப்போது மங்கித் தெளிவது கண்ணை மேலும் உறுத்தும். கைப்பேசியின் உணர்வுத்தகடு ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் பதிவு செய்யாமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவு செய்வதால், ஆட்டத்தில் தூண்கள் வளைந்து, படம் அல்வாத் துண்டு போல் குலுங்கும். டிஷேக்கரில் இதற்கெனத் தனித் திருத்தம் உண்டு. எனினும் முழுக் குணம் அரிது. ஆட்டக்காரர் திரையை நிறைத்து ஆடினால், அவரது அசைவையே காமிராவின் அசைவாகக் கருதி மென்பொருள் ஏமாறும். அவர் நிற்பார், பின்னணி ஊஞ்சலாடும். அப்போது அவர் இருக்கும் பகுதியை அளவிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓரங்களின் இழப்பு. படத்தை நகர்த்தினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை தோன்றும். அதை மறைக்க ஒவ்வொரு பக்கமும் 5 விழுக்காடு வெட்டினால், எஞ்சுவது பரப்பில் 81 விழுக்காடே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது! கூத்துப் படத்தில் அந்த ஓரத்தில்தான் பின்பாட்டுக்காரரும் வாத்தியக்காரரும் அமர்ந்திருப்பர். ஆய்வாளருக்கு அவரது விரலசைவே தேவையாக இருக்கலாம்.

ஓரத்தின் மதிப்புக்கு வரலாற்றில் ஒரு சான்றுண்டு. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்பவர் 8 மில்லிமீட்டர் காமிராவில் படமெடுத்தார். 486 ஃபிரேம்கள், ஓடும் நேரம் 26 நொடிகளுக்குச் சற்று மேல். கையில் பிடித்து எடுத்த அப்படம் ஆடுகிறது. பிற்காலத்தில் அதன் ஆட்டத்தைத் திருத்திய படிகளும் உருவாயின. ஆனால் படச்சுருளின் துளைகளுக்கு இடையேயும் காட்சி பதிந்திருந்தது. திரையில் ஓட்டும்போது அப்பகுதி தெரியாது. மூலச் சுருளைப் பார்த்தால்தான் தெரியும். அச்சுருள் இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகிறது. திருத்திய படி காண்பதற்கு, மூலம் சாட்சிக்கு.

செய்யவேண்டிய ஒழுங்கு

முதலில் மூலக்கோப்பை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலையைப் படியில் மட்டுமே செய்ய வேண்டும். அடுத்து உள்ளிருக்கும் கோடெக்கையும் ஃபிரேம் வேகத்தையும் அறிய வேண்டும். தேவைப்பட்டால் நிலையான வேகத்துக்கு மாற்ற வேண்டும். பழைய நாடாவிலிருந்து எடுத்த படமாயின் அதிலுள்ள ஒற்றை வரி, இரட்டை வரிப் பிரிவை முதலில் நீக்க வேண்டும். அதன்பின் நடுக்கத்தைத் திருத்தலாம். வண்ணம் திருத்துவதும் தலைப்பு எழுதுவதும் கடைசியில். ஒவ்வொரு முறை மீண்டும் சுருக்கும்போதும் தரம் சிறிது குறைவதால், இடைப்பட்ட கட்டங்களில் எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாக் கோடெக்கில் சேமிப்பது நன்று.

முடிவுரை

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பதே சிறந்தது. முழங்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்தல், தூணில் சாய்தல், முக்காலி இல்லாவிடில் நாற்காலி முதுகில் கைப்பேசியை ஊன்றுதல் ஆகியவற்றுக்குச் செலவேதுமில்லை. சற்றுத் தள்ளி நின்று, ஓரங்களில் இடம்விட்டு எடுத்தால் பின்னர் வெட்டினாலும் பொருள் கெடாது. பதிவைத் தொடங்குமுன் பேட்டரியைப் பார்ப்பதும் அதனினும் எளிது.

நண்பர்களே! நம் ஊர்களில் இன்னும் பதிவு பெறாத பாட்டுகளும் கதைகளும் தொழில்நுட்பங்களும் முதியோர் நினைவில் வாழ்கின்றன. அவற்றைப் பதிவு செய்யும் கருவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. படம் ஆடினால் திருத்தலாம். கோப்பு அடம்பிடித்தால் அடக்கலாம். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர். நாம் இன்று தேவையற்றது என வெட்டும் ஓரத்தில், நாளை வரும் மாணவர் தேடும் செய்தி இருக்கக்கூடும்.