புட்டிக்குள் ஆறு வளிமண்டலம்

சோடாப் புட்டியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது இயந்திரத்தால் அழுத்தி ஏற்றப்பட்ட கரியமில வாயு. பிரான்சு நாட்டின் ஷாம்பேன் பகுதியில் செய்யப்படும் நுரைக்கும் திராட்சை மதுவில் வாயுவை யாரும் ஏற்றுவதில்லை. புட்டிக்குள்ளேயே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதை உண்டாக்குகிறது. மதுவின் சுவை நமக்கு வேண்டாம். அந்தப் புட்டியின் இயற்பியல்தான் வேண்டும்.

ஒருமுறை நொதித்து முடிந்த மதுவில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கும்போது, எடையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 12 கிராம் வாயு. 44 கிராம் வாயு அறை வெப்பநிலையில் 24 லிட்டர் இடம் கொள்ளும். ஆகவே முக்கால் லிட்டர் புட்டிக்குள் ஏறத்தாழ 5 லிட்டர் வாயு அடைபட்டிருக்கிறது! பெரும்பகுதி மதுவில் கரைந்துவிட்டாலும், மேலே உள்ள அழுத்தம் 6 வளிமண்டலத்தை எட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் 5. தக்கையின் பரப்பு இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதை வெளியே தள்ளும் விசை சுமார் 12 கிலோ எடைக்குச் சமம். தக்கையைக் கம்பியால் கட்டிவைப்பது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் நிலவறைகளில் புட்டிகள் வெடித்தன. ஒன்று வெடித்தால் அதன் அதிர்ச்சியில் பக்கத்துப் புட்டிகளும் உடையும். அங்கே வேலை செய்தவர்கள் கண்களைக் காத்துக்கொள்ள இரும்பு முகமூடி அணிந்தார்கள். சர்க்கரை சேர்த்தால் மது நுரைக்கும் என்பதை 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டபர் மெரெட் எடுத்துரைத்திருந்தார். எவ்வளவு சேர்க்கலாம் என்பதுதான் தெரியவில்லை. மதுவில் ஏற்கெனவே எஞ்சியிருக்கும் சர்க்கரையை அளந்து, அதற்கேற்பச் சேர்க்கும் முறையை 1836 வாக்கில் வகுத்தவர் ழான்-பாப்டிஸ்ட் ஃபிரான்சுவா என்னும் மருந்துக் கடைக்காரர். பெரிய விஞ்ஞானிகளின் பட்டியலில் அவர் பெயரைக் காண முடியாது. ஆனால் எத்தனையோ பேருடைய கண்கள் அவரால் பிழைத்தன.

இத்தாலியர் வேறு வழி கண்டார்கள். 1895-இல் மார்ட்டினோட்டி என்பவர், புட்டிகளுக்குப் பதிலாக ஒரே பெரிய மூடிய தொட்டியில் நொதிக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஷாம்பேன் புட்டி குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும். தொட்டியிலோ சில வாரங்கள் போதும். விலையும் குறைவு. விளைவைச் சந்தையில் காணலாம். 2022-இல் 32 கோடிக்கு மேல் விற்ற ஷாம்பேன் புட்டிகள் 2024-இல் 27 கோடியாகக் குறைந்தன. தொட்டி முறையில் உருவாகும் இத்தாலியப் புரொசெக்கோவோ அதே ஆண்டில் 60 கோடியைத் தாண்டியது.

புட்டி திறக்கும்போது கழுத்தருகே மெல்லிய மூடுபனி தோன்றும். அது புகையன்று. அழுத்தம் திடீரென விடுபட்டு வாயு விரிவதால், 20 டிகிரியில் இருந்த புட்டியிலிருந்து வரும் வாயு கணநேரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 80 டிகிரியையும் தாண்டிக் குளிர்கிறது. அருகிலுள்ள காற்றின் ஈரம் அதில் பட்டு நுண்துளிகளாக உறைகிறது.