கப்பல் நிற்கும் பகற்பொழுது

மார்கழி, தை மாதங்களில் அலுவல் நிமித்தமாகப் பல்லார்ட் எஸ்டேட் பக்கம் செல்ல நேரும்போது, பழைய கல் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அடுக்குமாடி எழுந்து நிற்பதைக் காண்பதுண்டு. முன்தினம் அது அங்கே இருந்திராது. மாலையில் திரும்பும்போதும் இராது. அது கட்டடமன்று, உல்லாசப் பயணக் கப்பல். இரண்டாயிரம் பேர் வரை தங்கி, உண்டு, உறங்கும் மிதக்கும் விடுதி. காலையில் மும்பைத் துறைமுகத்தை அணைந்து, மாலையில் கொச்சியையோ கொழும்பையோ துபாயையோ நோக்கிப் புறப்பட்டுவிடும்.

பல்லார்ட் பியருக்கு இது புதிய காட்சியன்று. 1928இல் ஓடத் தொடங்கிய பிரண்டியர் மெயில், இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய கப்பல் பயணிகளை இத்துறையிலேயே ஏற்றிக்கொண்டு பெஷாவர் வரை சென்றது. அன்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்க வந்தவர்கள். இன்று வருபவர்கள் அன்று மாலையே கப்பலுக்குத் திரும்பியாக வேண்டியவர்கள். மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று ‘குரூஸ் பாரத் மிஷன்’ என்னும் திட்டத்தை மும்பைத் துறைமுகத்திலிருந்துதான் தொடங்கிவைத்தது. 2029ஆம் ஆண்டுக்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் நோக்கம். 2025 செப்டம்பரில் புதிய பன்னாட்டுப் பயணியர் முனையமும் திறந்துவைக்கப்பட்டது. ஆகவே அந்த வெள்ளை அடுக்குமாடியை இனி அடிக்கடி காண்போம். அதிலிருந்து இறங்குவோர் நம் நகரில் எவ்வளவு செலவிடுகின்றனர், எதனால் அதற்கு மேல் செலவிடுவதில்லை என்பதை, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கடை நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலில் அவர்களுடைய பொழுதின் கணக்கு. கப்பல் ஏழு மணிக்குக் கரையணைந்தாலும், குடியேற்றச் சோதனை முடிந்து முதற்பயணி வெளிவாயிலைத் தாண்ட எட்டரை மணி ஆகிவிடலாம். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படுமானால் ஐந்து மணிக்குள் அனைவரும் ஏறியிருக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலாச் சீட்டு வாங்கியவர்களின் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். தாமாக டாக்சி பிடித்துச் சென்றவர்களுக்காகக் காத்திராது. விட்டால் அடுத்த துறைமுகத்திற்குச் சொந்தச் செலவில் விமானம் ஏறிச் சென்று கப்பலைப் பிடிக்க வேண்டியதுதான். இந்த அச்சத்தினாலேயே பலர் கப்பலின் பேருந்தைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பேருந்துகளின் வழி பெரும்பாலும் ஒன்றே: கேட்வே ஆப் இந்தியா, 1887இல் திறக்கப்பட்டு இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம், மகாலட்சுமியின் சலவைத் துறை, காந்தியடிகள் தங்கிய மணிபவன். எலிபண்டா குகைகளுக்குப் படகில் போகவே ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நகரில் வேறெதையும் பார்க்க இயலாது. திங்கட்கிழமைகளில் குகை அடைப்பு. திங்களன்று வரும் கப்பல்கள் நகரத்துக் கடைகளுக்குச் சற்று அதிகம் பயன் தரும் என்று ஒரு டாக்சி ஓட்டுநர் என்னிடம் கூறினார். அதைச் சரிபார்க்க என்னிடம் கணக்கு இல்லை, ஆயினும் காரணம் பொருந்தித்தான் இருக்கிறது.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் என் கவனம் சென்றது அடுத்த கணக்கின்மீது. விமானத்தில் வரும் சுற்றுலாப் பயணி விடுதி அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் நம் நகரில்தான் பணம் கொடுக்கிறார். கப்பல் பயணியோ அவ்விரண்டுக்கும் புறப்படும்முன்பே கப்பல் நிறுவனத்திடம் கட்டிவிட்டார். நகரத்திலேயே உண்ண நேர்ந்தாலும், கப்பலில் பணம் கொடுத்தாகிவிட்ட மதிய உணவு ஒன்று காத்திருப்பது அவர் நினைவில் இருக்கும். சுற்றுலாச் சீட்டுக்கான தொகையும் கப்பலின் கணக்கில்தான் ஏறுகிறது. அதில் நிறுவனத்தின் பங்கு போக எஞ்சியதே உள்ளூர்ப் பயண முகவருக்கு வங்கி வழியாக வந்து சேரும். ஆக, பயணியின் கையிலிருந்து நேரடியாக நம் நகரத்துக் கைக்கு மாறக்கூடியவை மிகச் சில: டாக்சிக் கட்டணம், நுழைவுச் சீட்டு, ஒரு குவளைக் காப்பி, நினைவுப்பொருள், வழிகாட்டிக்கு அன்பளிப்பு. சிறு வணிகரின் வாய்ப்பு முழுவதும் இந்தச் சிறு பட்டியலுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

பேருந்தைத் தவிர்த்துத் தாமே சுற்ற விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் நம் பகுதிகளுக்கு வருகின்றனர். 2013இல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச் சாலை துறைமுகத்தை ஒட்டிய பிடிமெல்லோ சாலையில் தொடங்கிச் செம்பூரை எட்டுகிறது. செம்பூர் தொலைவு என்று எண்ணும் தென்மும்பைக்காரர்கள் இதை நம்ப மறுப்பர், ஆனால் நெரிசலற்ற வேளையில் கப்பலிலிருந்து செடா நகர் முருகன் கோயிலின் படிகளை அடைவது கொலாபாவிலிருந்து தாதரை அடைவதைவிட எளிது. மாட்டுங்காவில் 1923இல் நிறுவப்பட்ட ஆஸ்திக சமாஜக் கோயில், இரயில் நிலையத்தையொட்டிய பூக்கடைத் தெரு, 1942 முதல் இலைபோட்டுப் பரிமாறும் இராம நாயக்கின் உடுப்பி உணவகம் ஆகியவை ஒருவர் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளன. தாராவியில் இரண்டாயிரத்துப் பத்துக்கு முன்பிருந்தே நடைச்சுற்றுலா நடைபெற்று வருகிறது. ஒளிப்படம் எடுக்கக் கூடாது என்ற விதியுடன் அழைத்துச் செல்வோரும் உளர். கும்பார்வாடாவின் சூளைகள், அப்பளம் காயும் கூடைகள், தோல் பட்டறைகள் என்று சுற்றிவிட்டுச் சயான் செல்லும் சாலையிலுள்ள தோல்பொருள் கடைகளில் வந்து நிற்பர். தைப் பொங்கலன்று கப்பல் வந்தால், தொண்ணூறு அடிச் சாலை வட்டாரத்தில் பெண்கள் வரிசையாகத் தெருவில் பொங்கலிடுவதையும் காணலாம்.

அப்படி வந்த ஓர் அமெரிக்கத் தம்பதியைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மகன் இன்று கைப்பை, இடைவார் விற்கும் கடை வைத்திருக்கிறார். அத்தம்பதி முக்கால் மணி நேரம் பொறுக்கி எடுத்து, 11,500 ரூபாய்க்கு மூன்று பைகளை எடுத்துவைத்து, கடன் அட்டையை நீட்டினர். இயந்திரம் ஏற்கவில்லை. இரண்டாவது அட்டையும் அப்படியே. கடைக்காரர் சுவரிலிருந்த கியூ.ஆர். அட்டையைக் காட்டினார். அவர்கள் கைப்பேசியில் அதைப் படமெடுத்தார்களே அன்றிப் பணம் செலுத்த இயலவில்லை. கையில் ரூபாய் இல்லை. ஏ.டி.எம். தேடிச் செல்ல நேரமும் இல்லை. பைகள் மேசையிலேயே இருந்துவிட்டன.

“மெஷின் கோளாறா சார், கார்டு கோளாறா?” என்று மறுநாள் என்னிடம் கேட்டார். இரண்டும் அல்ல. அவர் கடையிலிருந்த இயந்திரத்தில் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதி செயற்படுத்தப்படவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் போயிருந்தது. இயந்திரத்தை விற்க வந்த முகவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஆறு ஆண்டுகளாக எந்த உள்ளூர் வாடிக்கையாளரும் அதனால் இடர்ப்படாததால் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

பூக்கடைத் தெருவில் முழம் மல்லிகை விற்பவரும் கியூ.ஆர். அட்டை தொங்கவிட்டிருக்கும் நகரம் இது. ஆனால் அந்த அட்டையால் கப்பலிலிருந்து இறங்கியவர் முப்பது ரூபாய்ப் பூவைக்கூட வாங்க முடியாது, ஏனெனில் யு.பி.ஐ. முறை இந்திய வங்கிக் கணக்கோடு பிணைக்கப்பட்டது. இக்குறையைப் போக்க ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரியில் ஒரு வழி திறந்தது. வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி ஒரு மின்பணப்பையைப் பெறலாம். அதில் ரூபாயை நிரப்பிக்கொண்டால் எல்லாக் கடைகளிலும் கியூ.ஆர். வழியே செலுத்தலாம். முதலில் ஜி-20 நாட்டவருக்குச் சில விமான நிலையங்களில் இது தொடங்கப்பட்டது. பதினைந்து நாள் தங்குபவருக்கு இது மிக நல்ல ஏற்பாடு. எட்டு மணி நேரமே உள்ளவர் ஆவணச் சரிபார்ப்புக்காக வரிசையில் நிற்க விரும்புவாரா என்பது ஐயமே. ஆதலின் கப்பல் பயணியைப் பொறுத்தவரை அட்டையும் நோட்டுமே இன்னும் முதன்மையானவை.

அட்டை பற்றி மூன்று செய்திகள். உங்கள் இயந்திரத்தில் பன்னாட்டு அட்டை வசதி உள்ளதா என்று கிளையில் இன்றே கேட்டறியுங்கள். ‘மெஷினில் விசா, மாஸ்டர்கார்டு முத்திரை இருக்கிறதே’ என்று இருந்துவிட வேண்டாம். அடுத்து, வெளிநாட்டு அட்டைக்கு வணிகரிடம் பிடிக்கப்படும் கட்டணம் உள்நாட்டு அட்டையைவிடக் கூடுதல். அதை முன்கூட்டியே கேட்டு விலையில் கருதிக்கொள்ளலாம், பில்லில் தனியாகச் சேர்த்து முகஞ்சுளிக்க வைக்க வேண்டாம். மூன்றாவது, சில இயந்திரங்கள் ‘ரூபாயிலா, டாலரிலா?’ என்று திரையில் வினவும். டாலரைத் தேர்ந்தெடுத்தால் அக்கணமே மாற்று விகிதம் முடிவாகிவிடும். அவ்விகிதம் பெரும்பாலும் பயணிக்கு நட்டம். தேர்வு அவருடையது. இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவதே முறை. வணிகர் தாமாக டாலர் பொத்தானை அழுத்தியதால் பின்னர் அப்பணத்தைத் திரும்பக் கோரி எழுந்த வழக்குகளைக் கிளையில் கையாண்டிருக்கிறேன்.

நோட்டு விஷயத்தில் தயக்கம் மிகுதி. அந்நியச் செலாவணியை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். ஆகவே கடைக்காரர் பயணியை உரிமம் பெற்ற மாற்று முகவரிடமோ வங்கியிடமோ அனுப்பிவைப்பதே சரி. அதே வேளையில், அன்பளிப்பாகவோ சேவைக்கு ஈடாகவோ பத்து டாலர் பெற்ற வழிகாட்டியும் ஓட்டுநரும் குற்றம் செய்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவுக்கு வந்துள்ள வெளிநாட்டவரிடமிருந்து அவ்வாறு பெற்ற நோட்டுகளை மொத்தம் 2,000 டாலர் மதிப்பு வரை ஒருவர் கையில் வைத்திருக்க விதி இடந்தருகிறது. மேற்பட்டால் உரிய காலத்துக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். செம்பூரில் ஓர் ஓட்டுநர் நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த ஐந்து டாலர், பத்து டாலர் நோட்டுகளை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்திருந்தார். அனைத்தையும் எண்ணி மாற்றிக் கொடுத்தபோது இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அது சரியாக இருந்தது.

மற்ற நாட்டுத் துறைமுக நகரங்கள் இச்சிக்கலை எவ்வாறு கையாளுகின்றன? தென் அமெரிக்காவின் இரு தலைநகரங்கள், பியூனஸ் அயர்சும் மாண்டெவிடியோவும், ஒரே ஆற்று முகத்தின் எதிரெதிர்க் கரைகளில் இருப்பவை. கப்பல்கள் பெரும்பாலும் இரண்டிலும் நின்று செல்லும். பியூனஸ் அயர்சில் பயணிகள் தவறாது காணும் இடம் லா போகா. துறைமுகத்தை ஒட்டி இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தகரத்தாலும் பலகையாலும் வீடு கட்டிக்கொண்ட ஏழைக் குடியிருப்பு அது. அங்கேயே வளர்ந்த கின்கெலா மார்ட்டின் என்ற ஓவியரின் முயற்சியால் அதன் சிறு சந்து ஒன்று 1959இல் திறந்தவெளி அருங்காட்சியகமாயிற்று. இன்று அச்சந்தில் ஓவியமும் கைவினைப் பொருளும் விற்போர் பலர். தாராவியைக் குறித்து எண்ணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருவதுண்டு. மாண்டெவிடியோவில் உருகுவே அரசு செய்திருப்பது வேறு வகை. வெளிநாட்டு அட்டையால் உணவகத்தில் பணம் செலுத்தும் பயணிக்கு 22 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியில் சலுகை அளித்து, அதைக் காலத்துக்குக் காலம் நீட்டித்து வந்துள்ளது. பயணிக்கு உணவு மலிவு, உணவகத்துக்குக் கூட்டம், அரசுக்குக் கணக்கில் ஏறிய விற்பனை.

நம் நாட்டின் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சுற்றுலாப் பயணி வாங்கிச் செல்லும் பொருளுக்கு வரியைத் திருப்பித்தர வழிசெய்கிறது. 2017 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கும் அப்பிரிவு நடைமுறைக்கு வந்தபாடில்லை. வந்தால் தாராவித் தோல் பைக்கு அது நல்ல செய்தியாகும்.

கப்பலில் செல்லவிருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இவை தலைகீழாகப் பொருந்தும். புறப்படும்முன் உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயற்படுத்துங்கள். திரை கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கொழும்பில் இறங்குவோர் தம் கைப்பேசியின் யு.பி.ஐ. செயலியையும் முயன்று பார்க்கலாம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் அது ஏற்கப்படுகிறது.

இன்னொன்று. வெளிநாட்டுப் பயணி ஒருவர் 25,000 ரூபாய் வரை நம் நோட்டுகளை வெளியே கொண்டுசெல்லலாம் என்ற விதி விமான நிலையம் வழியே செல்வோருக்கு உரியது. துறைமுகம் வழியே செல்வோருக்கு அது பொருந்தாது. எனவே மாலை நான்கு மணிக்குமேல் துறைமுக வாயிலருகே ஒரு காட்சியைக் காணலாம். காலையில் மாற்றிய ரூபாயில் மிஞ்சியதைத் தீர்க்கும் அவசரத்தில் பயணிகள் இளநீர்க்காரரிடமும் பொம்மை விற்பவரிடமும் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பர். நம் தாராவிக் கடைக்காரர் இப்போது கப்பல் வரும் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்கிறார். அவர் இயந்திரத்தில் அந்தக் கட்டமும் நிரப்பப்பட்டுவிட்டது. சென்ற தை மாதத்தில், டாக்சியை நிறுத்தி அவசரமாக உள்ளே வந்த ஒரு மூதாட்டிக்கு 650 ரூபாய் விலையில் ஒரு நாணயப் பை விற்றாராம். அட்டை முதல் முயற்சியிலேயே சென்றது.