வாள் பையோடு விமானம் ஏறும் முன்பு: வெளிநாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு

தேசிங்கு ராஜா கதை தெரியாத வீடு செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் இருக்காது. வாள் நமக்குப் புதுசில்லை. ஆனா வாள்வீச்சை ஒரு விளையாட்டாகப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நமக்குக் கொஞ்சம் புதுசு. சென்னை வண்ணாரப்பேட்டைப் பள்ளியில் 2004-ல் வாளைக் கையில் எடுத்த பவானி தேவிதான், டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர். முதல் சுற்றில் துனிசியா வீராங்கனையை 15-3 என வென்றார்.

சரி, உங்க வீட்டுப் பிள்ளைக்கும் வெளிநாட்டுப் போட்டி வாய்ப்பு வருதுன்னு வைங்க. அப்போ வீட்டில் தடுமாறுவது பெரும்பாலும் காகித வேலையில்தான்.

முதல்ல ஒண்ணு. சர்வதேசப் போட்டிக்கு யாரும் தனியாகப் பெயர் கொடுக்க முடியாது. இந்திய வாள்வீச்சு சங்கம் வழியாகத்தான் பதிவு நடக்கும். 17 வயதுக்கு உட்பட்டவர்கள் கேடட், 20-க்கு உட்பட்டவர்கள் ஜூனியர். "வெளிநாட்டுப் போட்டி இருக்கு, பணம் கட்டினா கூட்டிட்டுப் போறோம்"னு யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்தால், பணம் அனுப்பும் முன்பு விழுப்புரத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்தது பாஸ்போர்ட். தேர்வுப் பட்டியல் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். பிள்ளை மாநில அளவில் ஆடத் தொடங்கினாலே எடுத்துடலாம். எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலோ, வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்திலோ மட்டும் விண்ணப்பிக்கவும். அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் நிறைய உலவுது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இந்த பாஸ்போர்ட் 5 ஆண்டுகள் அல்லது 18 வயது வரை, இதில் எது முன்பு வருகிறதோ அதுவரை செல்லும். 15 வயது ஆகிவிட்டால் 1,500 ரூபாய் கட்டி 10 ஆண்டு பாஸ்போர்ட்டே கேட்கலாம். விளையாடும் பிள்ளைக்கு அதுதான் நல்லது, ஏன்னா பல நாடுகள் பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கணும்னு எதிர்பார்க்கும். பெற்றோர் இருவரும் 'அனெக்சர் டி' அறிவிப்பில் கையெழுத்துப் போடணும். வெள்ளைத் தாள் போதும், நோட்டரி தேவையில்லை. நேரில் போகும் நாளை மேல்மலையனூர் அமாவாசைக்கு அடுத்த நாளாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊஞ்சல் உற்சவம் முடிந்து திரும்பும் கூட்டத்தில் பஸ் ஏறுவதே பெரும்பாடு!

பெயரில்தான் நம்ம ஊர்ச் சிக்கல் வருது. பள்ளிச் சான்றில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டிலோ அதை விரித்து முழுப் பெயராக எழுதணும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனா பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது. அதை முதலில் சேர்த்துடுங்க.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் போட்டி என்றால் ஷெங்கன் விசா வேணும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாளுக்கு முன்பு, ஆனா அதுவரை இழுக்காதீங்க. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயிற்சியாளரோடு மட்டும் போகும் சிறாருக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேணும். பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கு: லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் விளையாட்டு நிகழ்வில் பங்கேற்கும் 25 வயது வரையிலானவர்களுக்கு விசா கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடமுண்டு. கட்டாயம் கிடைக்கும்னு இல்லை, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

செலவுதான் பெரிய கேள்வி. டிக்கெட், தங்குமிடம், மாஸ்க், ஜாக்கெட் என்று பட்டியல் நீளும். 2023-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, விளையாட்டு வீரர்களின் பயணம், உபகரணம் போன்றவற்றுக்கு உதவுகிறது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதம், தேர்வுக் கடிதம், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்க.

வாளைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, செக்-இன் லக்கேஜில்தான் போகணும். சேபர் வாள் 105 சென்டிமீட்டர் வரை, ஃபாயில், எப்பே 110 வரை நீளம் இருக்கலாம். அதனால் பை சாதாரண சூட்கேஸை விட நீளமாகத்தான் வரும். விமான நிறுவனத்தின் நீள, எடை வரம்பை டிக்கெட் போடும் முன்பே பார்த்துடுங்க.

போட்டிக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருவது மாதிரி டிக்கெட் போடுங்க. உடல் களைப்பு ஒரு காரணம், களத்தில் மாஸ்க், ஒயர் எல்லாம் பரிசோதனைக்குக் கொடுக்கணும் என்பது இன்னொன்று. பவானி தேவி 14 வயதில் துருக்கியில் ஆடப்போன முதல் சர்வதேசப் போட்டியில், மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை வாங்கி வெளியேற வேண்டியதாயிற்று.