சரளைக்கல்லில் விளைந்த தக்காளி

சந்தையில ஒரு அக்கா என் வெள்ளரிக்காயைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "தம்பி, சாணி போட்டு விளைஞ்சதுங்கறீங்க. பச்சையாத் தின்னலாமா?" எனக்குச் சட்டுனு பதில் வரல. இதே கேள்வியால் ஒரு ராணுவமே மண்ணை விட்டு விலகிய கதை உண்டு, நண்பர்களே.

1945-ல் போர் முடிந்து அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தங்கின. வீரர்களுக்குப் பச்சைக் காய்கறி வேண்டும். கப்பலில் கொண்டுவந்தால் வாடிவிடும். உள்ளூரில் வாங்கலாம் என்றால் ஒரு சிக்கல். ஜப்பானிய உழவர்கள் தலைமுறைகளாக மனிதக் கழிவைச் சேகரித்து, தொட்டியில் ஊறவைத்து வயலுக்கு ஊற்றிவந்தார்கள். மண் வளமாகத்தான் இருந்தது. ஆனால் குடற்புழு முட்டையும் சீதபேதிக் கிருமியும் காயோடு வந்துவிடுமே என்று ராணுவம் பயந்தது.

1946-ல் டோக்கியோவை அடுத்த சோஃபுவில் சுமார் 55 ஏக்கரில் பண்ணை அமைத்தார்கள். தொட்டிகளில் சரளைக்கல்லை நிரப்பி, ரசாயன உப்புக் கரைசலைப் பாய்ச்சி வடியவிட்டார்கள். தக்காளி, வெள்ளரி, சாலட் கீரை எல்லாம் மண்ணே இல்லாமல் விளைந்தன. அதற்கு முந்தைய ஆண்டே, விளைநிலம் அரிதான எரிமலைத் தீவு அசென்ஷனிலும் இப்படிச் செய்திருந்தார்கள். அங்கே வேறு வழியில்லை. ஜப்பானில் மண் இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. பிறகு ஜப்பானியச் சந்தையிலும் ரசாயன உரக் காய்க்குத்தான் 'சுத்தமான காய்கறி' என்ற பேர் வந்தது.

குறை மண்ணில் இல்லை, பக்குவப்படாத எருவில்தான். நானும் அறுவடைக்கு முந்தின வாரம்வரை சாணிக் கரைசலைக் கீரை மேலேயே தெளிச்சவன்தான்.

இப்போ மாத்திக்கிட்டேன். எருக்குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். கம்பியைச் செருகி எடுத்தால் கை பொறுக்கக் கூடாது. அந்தச் சூட்டை 15 நாள் காத்து, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டணும். வெளிப்பக்கம் உள்ளே போனால்தான் எல்லா இடமும் வேகும். பச்சைச் சாணி போட்டால், மண்ணைத் தொடும் காய்க்கு 120 நாள், தொடாததுக்கு 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நான் கரைசலை வேருக்கு மட்டும் விடுறேன், அதுவும் பயிர் இளசா இருக்கும்போதே.

அடுத்த போகத்துல அந்த அக்கா வந்தாங்க. "பக்குவமான எருக்கா. நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க"ன்னேன். ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனாங்க.