வேதாளம் ஏன் மறுபடி மரம் ஏறுது?

போன வீக்கெண்ட் கும்பகோணத்துல தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பரண்ல ஒரு பழைய அம்புலிமாமா கட்டு கிடைச்சது. 1947-ல ஆரம்பிச்ச இதழ். அதுல நான் எப்பவும் முதல்ல தேடுறது விக்கிரமாதித்தன் வேதாளம் கதையைத்தான்.

அந்தக் கதையோட அமைப்பு, நாங்க ப்ரோக்ராம்ல எழுதுற லூப் மாதிரி. ராஜா வேதாளத்தைச் சுமந்துக்கிட்டு வாய் பேசாம நடக்கணும். அது வழியில ஒரு கதை சொல்லி, கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடும். சொன்னா மௌனம் கலைஞ்சிடும். வேதாளம் திரும்ப முருங்கை மரத்துக்கே போயிடும்.

அப்போ லூப் எப்படித்தான் முடியும்? பழைய சமஸ்கிருத நூல் 'வேதாள பஞ்சவிம்சதி'. பேர்லயே 25 இருக்கு. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்குப் பதில் தெரியாது. அதனால பேசல, அதோட முடிஞ்சது. ஆனா அம்புலிமாமா மாத இதழ். புதுப்புதுக் கதையா வந்துக்கிட்டே இருந்தது. ராஜாவும் மாசா மாசம் பதில் சொல்லிக்கிட்டே இருந்தார்.

சின்ன வயசுல தாத்தா படிச்சுக் காட்டுவார். கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிட்டு, "நீ சொல்லுடா" என்பார். இப்போ அவருக்குக் கண் சரியாத் தெரியறதில்ல. இந்த முறை நான் படிச்சேன். கேள்வி வந்ததும் மூடினேன். "நீங்க சொல்லுங்க தாத்தா."

ரொம்ப நேரம் பேசல. மறந்துட்டாரோன்னு பயந்துட்டேன். அப்புறம் சிரிச்சார்.

"அடுத்த தடவை வரும்போது சொல்றேன்."

டிக்கெட் போட்டாச்சு.